காலி அலமாரியோடு தொடங்கிய ஐவர்

மேற்கத்திய சாஸ்திரிய இசை படித்த நான்கு இளைஞர்கள் சேர்ந்து ஒரு தந்தி வாத்தியக் குழு (இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ) ஆரம்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே அவர்களுக்குத் தாத்தா சொத்து மாதிரி ஒரு பெரிய அலமாரி வந்து சேர்ந்துவிடும். ஹேடன் எழுதியது 68, மொசார்ட் 23, பீத்தோவன் 16, ஷூபர்ட் 15. வாழ்நாள் பூராவும் வாசித்தாலும் தீராது.

அதே கல்லூரியில் பக்கத்து அறையில் ஐந்து பேர் சேர்ந்து காற்று வாத்தியக் குழு ஒன்றை ஆரம்பித்தால்? புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன், பிரெஞ்சு ஹார்ன். இந்த ஐந்தும் சேர்ந்ததுதான் ‘விண்ட் குவின்டெட்’. இவர்களுக்காக மொசார்ட் எழுதியது பூஜ்யம். பீத்தோவன் பூஜ்யம். ஷூபர்ட், பிராம்ஸ் எல்லோரும் பூஜ்யம். அதாவது, மற்றவர்களின் உருப்படியை இந்த ஐந்துக்கும் மாற்றி எழுதி வாசிக்கலாம்; இன்றைக்கும் எல்லாக் குழுக்களும் அப்படிச் செய்கின்றன. ஆனால் இவர்களுக்கென்றே எழுதியது என்று கேட்டால் ஒன்றும் கிடையாது.

ஆனால் இன்று ஒரு இளம் குழு கச்சேரிக்கு உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்துக்கு அருமையான உருப்படிகள் இருக்கின்றன. அவை எங்கிருந்து வந்தன என்று தேடிப் போனால் கிட்டத்தட்ட ஒவ்வொன்றுக்கும் பின்னால் குறிப்பிட்ட ஐந்து பேர் இருக்கிறார்கள். எழுதியவர் பெயர் நமக்குத் தெரியும். அவரை எழுத வைத்தவர்கள் பெயர் தெரியாது. அந்த இரண்டாவது வகை ஆட்களின் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு சந்தேகம். மொசார்ட்டுக்குக் காற்று வாத்தியம் பிடிக்காதா? ரொம்பப் பிடிக்கும். 1782-இல் வியன்னாவில் இரண்டாம் ஜோசப் பேரரசர் அரண்மனைக்கென்று ஒரு காற்று வாத்தியக் குழுவை அமைத்தார். அதில் எட்டுப் பேர்: ஓபோ இரண்டு, கிளாரினெட் இரண்டு, ஹார்ன் இரண்டு, பஸூன் இரண்டு. எல்லாமே ஜோடி ஜோடியாக. சாப்பாட்டு நேரத்திலும் தோட்டத்திலும் வாசிப்பதற்கு. மற்ற பிரபுக்களும் உடனே அதையே காப்பியடித்தார்கள் (ராஜா செய்தால் சும்மா இருப்பார்களா?). சம்பளம் அங்கே இருந்ததால் இசையும் அந்த எட்டுப் பேருக்கே எழுதப்பட்டது. மொசார்ட்டின் பெரிய செரினேடுகள் அந்த வழியில் வந்தவைதான். தன்னுடைய ஓபராவை எட்டுப் பேருக்கு மாற்றி எழுத வேண்டும், தாமதித்தால் வேறு யாராவது முந்திக்கொண்டு காசு பார்த்துவிடுவார்கள் என்று அதே வருடம் அப்பாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இந்த எட்டில் புல்லாங்குழல் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆக, ஒவ்வொரு வாத்தியத்திலும் ஒன்று, கூடவே புல்லாங்குழல் என்ற கூட்டணியை அன்றைக்கு யாரும் சம்பளம் கொடுத்து வைத்திருக்கவில்லை. 1800-ஐ ஒட்டி ஓரிருவர் முயன்று பார்த்தார்கள். பாரிஸில் இருந்த கம்பினி என்ற இத்தாலியர் மூன்று எழுதினார். பெரிதாக எடுபடவில்லை.

இன்னொரு சிக்கல் வாத்தியங்களுக்குள்ளேயே இருக்கிறது. வயலின், வியோலா, செல்லோ மூன்றும் ஒரே குடும்பம். அண்ணன் தம்பி பேசிக்கொள்வது போல ஒலி தானாகக் கலந்துவிடும். இந்த ஐந்து அப்படியா? புல்லாங்குழலில் காற்று ஒரு விளிம்பில் மோதி ஒலி வருகிறது. ஓபோவும் பஸூனும் இரட்டை நாக்கு வாத்தியங்கள். நம் நாகஸ்வரத்தின் சீவாளி போலத்தான், ஆனால் இன்னும் குறுகலானது. கிளாரினெட்டுக்கு ஒற்றை நாக்கு. ஹார்ன் பித்தளை, அதில் நாக்கே கிடையாது, வாசிப்பவரின் உதடுதான் அதிர வேண்டும். சுருட்டி வைத்திருக்கும் அதன் குழாயை நீட்டினால் மூன்றரை மீட்டருக்கு மேல் வரும். போதாததற்கு அதன் வாய் பின்பக்கம் பார்த்து இருக்கும், மற்ற நான்கும் முன்னால் பேசும்போது இது மட்டும் சுவரோடு பேசும். இந்த ஐந்தையும் ஒரே சுருதியில் நிறுத்துவதே பெரிய பாடு. ஓபோக்காரருக்கு மூச்சு மிஞ்சிப் போய்த் திணறும், புல்லாங்குழல்காரருக்கு மூச்சு போதாமல் திணறும். எல்லோருக்கும் உதடு வலிக்கும். ஆகவே எழுதுகிறவர் ஒவ்வொருவருக்கும் எங்கே ஓய்வு என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்தான் எழுத முடியும்.

அப்படிப் பார்த்த முதல் பெரிய ஆள் அன்டோன் ரைகா. பிராகில் 1770-இல் பிறந்தவர். பீத்தோவனும் அதே வருடம்தான். இருவரும் பான் நகர அரண்மனை வாத்தியக் குழுவில் ஒன்றாக வேலை பார்த்த சிநேகிதர்கள். பீத்தோவன் வியோலா, ரைகா புல்லாங்குழல். பிரெஞ்சுப் படை வந்ததும் அந்த அரண்மனை வாழ்க்கை கலைந்து போனது. ரைகா ஹாம்பர்க், பாரிஸ், வியன்னா என்று சுற்றி 1808-இல் மறுபடி பாரிஸுக்கே வந்து நிலைத்தார். 1818-இல் பாரிஸ் கன்சர்வேட்டரியில் பேராசிரியர் ஆனார். பெர்லியோஸ், லிஸ்ட், சேசார் பிராங்க் எல்லோரும் அவரிடம் பாடம் கேட்டவர்கள்.

காற்று வாத்தியங்களுக்கு நல்ல இசையே இல்லை, இசையமைப்பாளர்களுக்கு அவற்றின் நுணுக்கம் தெரியாததுதான் காரணம் என்று ரைகா தன் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். புலம்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1810-களில் பாரிஸில் இருந்த ஐந்து பேருக்காக எழுத ஆரம்பித்தார். கியூ (புல்லாங்குழல்), வோக்ட் (ஓபோ), பூஃபில் (கிளாரினெட்), டோப்ரா (ஹார்ன்), ஆன்ரி (பஸூன்). பெரும்பாலும் முப்பதுகளில் இருந்தவர்கள். ஊரிலேயே கெட்டிக்காரர்கள். 1820 வாக்கில் மொத்தம் 24 குவின்டெட்கள் வந்துவிட்டன, ஆறு ஆறாக நான்கு தொகுதிகள்.

இதில் எனக்குப் பெரிய ஆச்சரியம் டோப்ராதான். அன்றைய ஹார்னில் வால்வு கிடையாது. வெறும் குழாய். உதட்டால் சில ஸ்வரங்கள்தான் வரும். மற்றதை வலது கையை ஹார்னின் வாய்க்குள் விட்டு, திறந்து மூடி, பாதி மூடி வரவழைக்க வேண்டும். இப்படி ஒரு வாத்தியத்துக்கு ரைகா எழுதியிருக்கும் வேகமான பகுதிகளை இன்று மூன்று வால்வு உள்ள ஹார்னில் வாசிப்பவர்களே முணுமுணுக்கிறார்கள். டோப்ரா வாசித்துக் காட்டினார் என்பதால்தான் ரைகாவுக்கு அப்படி எழுதத் தைரியம் வந்திருக்கும். பஸூனுக்கும் அப்படியே. அதுவரை அடியில் ‘தும் தும்’ என்று தாளம் போட்டுக்கொண்டிருந்த வாத்தியத்தை மேலே கூட்டிவந்து பாட வைத்தார்.

பாரிஸில் இது கொஞ்ச காலம் பெரிய மோஸ்தர். கூட்டம் வந்தது. 1820 - 21 குளிர்காலத்தில் பாரிஸ் வந்த ஷ்போர் என்ற ஜெர்மன் வயலின் மேதை இதைக் கேட்டுவிட்டு, வாசிப்பைப் பாராட்டினார், உருப்படியில் குறை கண்டார். யோசனைகள் ஏராளம், ஆனால் சரியாகக் கோக்கப்படவில்லை என்பது அவர் கட்சி. மாணவரான பெர்லியோஸும் பின்னாளில், இந்தக் குவின்டெட்கள் சுவாரஸ்யமானவை, ஆனால் கொஞ்சம் சில்லிட்டவை என்ற தோரணையில்தான் எழுதினார். கேட்டுப் பார்த்தால் இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 24-ஐயும் வரிசையாகக் கேட்டால் அலுக்கும். ஒவ்வொன்றாகக் கேட்டால் அந்த ஐந்து பேரின் சாமர்த்தியம் தெரியும். ஜெர்மனியில் ஃபிரான்ஸ் டான்ஸி இதைப் பார்த்துத் தானும் எழுதி, முதல் மூன்றை ரைகாவுக்கே சமர்ப்பணம் செய்தார். மொத்தம் ஒன்பது. ரைகாவை விட எளிமை, நீளமும் குறைவு. அதனால் மாணவர் குழுக்கள் முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் டான்ஸியைத்தான்.

அப்புறம்? அந்த ஐவரின் காலம் முடிந்தது. கூடவே மோஸ்தரும் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய தலைகள் பியானோ பக்கமும் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா பக்கமும் போய்விட்டார்கள். அலமாரியில் ஏறக்குறைய அறுபது வருடத் தூசி.

அதைத் தட்டியவர் பாரிஸைச் சேர்ந்த பால் டாஃபனெல் என்ற புல்லாங்குழல்காரர். வாசிப்பதற்கு ஒன்றும் இல்லை என்று தானே ஒரு குவின்டெட் எழுதி 1876-இல் பரிசும் வாங்கினார். 1879-இல் காற்று வாத்திய அறை இசைக்கென்றே ஒரு சங்கம் தொடங்கி 1893 வரை நடத்தினார். கூனோ போன்றவர்கள் இந்தச் சங்கத்துக்காக எழுதினார்கள், ஆனால் அது ஒன்பது பேருக்கான உருப்படி. ஐவருக்கென்று பார்த்தால் டாஃபனெல் எழுதியதுதான் இன்றும் மேடை ஏறுகிறது.

இனி கோபன்ஹேகன். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1921 இலையுதிர்காலம். டென்மார்க்கின் பெரிய இசையமைப்பாளர் கார்ல் நீல்சன் தன் பியானோ நண்பர் கிறிஸ்டியன்சனுக்குப் போன் செய்கிறார். மறுமுனையில் பின்னணியில் ஏதோ ஒத்திகைச் சத்தம். மொசார்ட் பெயரில் வழங்கும், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பஸூன் நான்கும் முன்னால் நிற்கும் ஒரு உருப்படி. ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பதில் கிறிஸ்டியன்சன் பியானோவில். வாசித்துக்கொண்டிருந்தவர்கள் கோபன்ஹேகன் விண்ட் குவின்டெட்டைச் சேர்ந்தவர்கள். நீல்சனுக்கு இருப்புக் கொள்ளவில்லை, ஒத்திகையைக் கேட்க நேரிலேயே கிளம்பிப் போய்விட்டார். போன் வழியாகப் பிறந்த முதல் பெரிய உருப்படி இதுவாகத்தான் இருக்கும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

நீல்சனுக்குக் காற்று வாத்தியம் புதிதல்ல. ஏழைக் குடும்பத்துப் பையன். பதினான்கு வயதில் ஓடென்ஸ நகரத்து ராணுவ பேண்டில் சேர்ந்து பித்தளை வாத்தியம் ஊதிச் சம்பாதித்தவர். ஊதுகிறவன் கஷ்டம் அவருக்குத் தெரியும். ஐந்து பேருடனும் பழகிப் பார்த்து 1922-இல் குவின்டெட்டை எழுதி முடித்தார். ஏப்ரல் 30 அன்று ஸ்வீடனின் கோதன்பர்க்கில் ஒரு வீட்டில் முதல் வாசிப்பு. அக்டோபர் 9 அன்று கோபன்ஹேகனில் பொது மேடை.

அதில் அவர் செய்திருப்பது எளிமையானது. ஐந்து வாத்தியங்களையும் கலந்து ஒரே ஒலியாக்க மெனக்கெடவில்லை. கலக்காது என்பதையே சரக்காக எடுத்துக்கொண்டார். ஒரு சமயம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், இன்னொரு சமயம் ஒருவர் மட்டும் தனியாக நிற்பார். வாத்தியங்களின் குணங்களைக் காட்ட முயன்றதாக அவரே குறிப்பு எழுதியிருக்கிறார். கடைசிப் பகுதி அவரே முன்பு மெட்டமைத்த ஒரு தேவாலயப் பாடலையும் அதன் பதினொரு மாறுதல்களையும் கொண்டது. ஒன்றில் கிளாரினெட் கோபத்தில் கத்தும், பஸூன் அசராமல் பதில் சொல்லும். கல்யாண வீட்டில் இரண்டு பெரியவர்கள் சண்டை போடுவதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்பது மாதிரி இருக்கும். இன்னொன்று முழுக்கப் பஸூன் மட்டும். பிறகு ஒன்று முழுக்க ஹார்ன் மட்டும், வெட்டவெளியில் தனியாக நிற்பவன் போல. அந்தக் கடைசிப் பகுதியின் முன்னுரைக்கு மட்டும் ஓபோக்காரர் வாத்தியத்தை மாற்றி, கனத்த குரலுள்ள இங்கிலிஷ் ஹார்னை எடுத்துக்கொள்வார். சட்டென்று அறையில் இருட்டு வந்த மாதிரி ஆகிவிடும்.

கிளாரினெட் வாசித்தவர் ஓகே ஒக்ஸன்வாட். முரட்டு சுபாவம், மென்மையான மனசு என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். குவின்டெட் முடிந்ததும் நீல்சனுக்கு ஆசை வளர்ந்தது. ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு கான்செர்ட்டோ எழுதுவதாகத் திட்டம். அதாவது அந்தந்த மனிதரின் குணத்தையே ஆர்க்கெஸ்ட்ரா முன்னால் நிறுத்துவது. 1926-இல் புல்லாங்குழல் கான்செர்ட்டோ வந்தது. குழுவின் முதல் புல்லாங்குழல்காரர் ஹாகெமன் விலகி அவர் இடத்தில் வந்திருந்த கில்பர்ட்-யெஸ்பர்சனுக்காக எழுதப்பட்டது. நாசூக்கான மனிதர், நாசூக்கான இசை, நடுவில் ஒரு டிராம்போன் புகுந்து கேலி செய்யும். 1928-இல் ஒக்ஸன்வாட்டுக்காகக் கிளாரினெட் கான்செர்ட்டோ. சிறிய டிரம் ஒன்று விடாமல் சீண்ட, கிளாரினெட் பொரிந்து தள்ளும். கிளாரினெட் படிப்பவர்கள் எல்லோரையும் இன்றும் பயமுறுத்தும் உருப்படி.

1931 அக்டோபர் 3 அன்று நீல்சன் காலமானார். ஓபோக்காரர் ஃபெலும்ப், ஹார்ன்காரர் ஸோரன்சன், பஸூன்காரர் லாசன் மூவருக்கும் வர வேண்டிய கான்செர்ட்டோக்கள் எழுதப்படவே இல்லை. பஸூனுக்கு நல்ல கான்செர்ட்டோ எவ்வளவு குறைவு என்று தெரிந்தவர்களுக்கு இந்த இழப்பின் அளவு புரியும்.

கோபன்ஹேகனில் இது நடந்த அதே 1922-இல் ஜெர்மனியில் 26 வயது ஹிண்டெமித், பிராங்பர்ட்டில் இருந்த ஒரு காற்று வாத்தியக் குழுவுக்காக ‘சிறிய அறை இசை’ எழுதினார். துடுக்கான, சிரித்த முகமுள்ள உருப்படி. 1924-இல் வியன்னாவில் ஷோன்பர்க்கின் குவின்டெட் அவருடைய ஐம்பதாவது பிறந்த நாளில் அரங்கேறியது. பன்னிரண்டு ஸ்வர முறையில் அவர் எழுதிய முதல் பெரிய படைப்பு, சுமார் நாற்பது நிமிடம். அதைத் தன் பேரக் குழந்தைக்குச் சமர்ப்பித்திருக்கிறார் (குழந்தை என்ன பாவம் செய்தது என்று கேட்கத் தோன்றுகிறது). ஐந்து பேர்தான் என்றாலும் முதல் தடவை எதிரில் ஒருவர் நின்று தாளம் காட்ட வேண்டியிருந்தது. மருமகன்தான் அதைச் செய்தார். 1930-இல் பாரிஸில் இபேரின் ‘மூன்று சிறு துண்டுகள்’, வெறும் ஏழு நிமிடம், பிரெஞ்சுப் பலகாரம் மாதிரி. பத்து வருடத்துக்குள் அலமாரியில் ஒரு தட்டு நிறைந்துவிட்டது.

அடுத்தது புடாபெஸ்ட். இது வேடிக்கையான கதை அல்ல.

ஸ்டாலின் கால ஹங்கேரியில் ஜியார்ஜி லிகெட்டி இசைக்கல்லூரி ஆசிரியர். புதுமாதிரி இசை என்றாலே அரசாங்கத்துக்கு ஆகாது. நாட்டுப்புற மெட்டு போட்டு எழுதினால் சம்பளம், மற்றதை மேஜை டிராயரில் பூட்டி வைக்க வேண்டியதுதான். அப்படிப் பூட்டி வைத்ததில் ஒன்று பியானோவுக்கான பதினொரு துண்டுகள். 1953-இல் அவற்றில் ஆறைத் தேர்ந்தெடுத்து விண்ட் குவின்டெட்டுக்கு மாற்றினார். ஐந்தாவது துண்டு பார்ட்டோக்கின் நினைவாக எழுதியது.

மேடை ஏற மூன்று வருடம் ஆனது. 1956-இல் கெடுபிடி கொஞ்சம் தளர்ந்தபோது யெனேய் குவின்டெட் அதை வாசித்தது. ஆனால் ஐந்துதான். ஆறாவது துண்டில் பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் ஒன்றோடொன்று உரசும் ஓசை அதிகம், அது ஆபத்து என்று விட்டுவிட்டார்கள். ஒன்றரை நிமிடம் கூட வராத ஒரு துண்டு. யோசித்துப் பாருங்கள், ஒரு அரசாங்கத்துக்கு ஐந்து குழல்கள் உரசுவது ஆபத்தாகப் படுகிறது!

அந்த அக்டோபரில் புரட்சி வெடித்தது. சோவியத் டாங்குகள் அடக்கின. டிசம்பரில் லிகெட்டியும் மனைவியும் தபால் ரயிலில் மூட்டைகளுக்கு அடியில் ஒளிந்து எல்லைப் பக்கம் வந்து, ஆஸ்திரியாவுக்குத் தப்பினார்கள். ஆறு துண்டுகளும் சேர்ந்து முழுசாக ஒலித்தது 1969-இல் ஸ்வீடனில். வாசித்தது ஸ்டாக்ஹோம் பில்ஹார்மோனிக் விண்ட் குவின்டெட். அவர்களுக்காகவே அவர் 1968-இல் புதிதாகப் பத்துத் துண்டுகள் எழுதிக் கொடுத்திருந்தார். அவை பழைய ஆறைப் போலக் காதுக்கு எளிதானவை அல்ல. பழைய ஆறு இன்று உலகத்தில் எந்தக் கல்லூரிக் குழுவும் விரும்பி வாசிக்கும் உருப்படி. தடை செய்யப்பட்ட ஆறாவது துண்டில்தான் கைதட்டல் விழுகிறது.

அமெரிக்காவுக்கு வந்தால் சாமுவேல் பார்பரின் ‘கோடை இசை’ 1956-இல் டெட்ராய்ட்டில் அரங்கேறியது. எழுதும் காலத்தில் அவர் நியூயார்க் விண்ட் குவின்டெட்டின் ஒத்திகைகளில் உட்கார்ந்து, எந்தெந்த ஸ்வரச் சேர்க்கைகள் இவர்களுக்குச் சிரமம் என்று கவனித்தார். அங்கும் அதே கதைதான், பக்கத்தில் உட்கார்ந்தவர்தான் எழுதினார்.

1997-இல் நியூயார்க்கில் வலேரி கோல்மன் என்ற புல்லாங்குழல் கலைஞர் தொடங்கிய இமானி விண்ட்ஸ் இந்த வழக்கத்தை ஒரு படி தாண்டியது. ஐந்து பேரும் கறுப்பின, லத்தீன் பின்னணி கொண்டவர்கள். மேற்கத்திய சாஸ்திரிய இசை மேடையில் அவர்களைப் போன்றவர்கள் மிகக் குறைவு. அலமாரியில் அவர்களுடைய மூதாதையர் குரல் ஏறக்குறைய இல்லவே இல்லை. வெளியே போய்க் கேட்பதோடு நிற்காமல் கோல்மனே எழுதினார், ஹார்ன்காரர் ஜெஃப் ஸ்காட்டும் எழுதினார். ‘இமானி’ என்றால் ஸ்வாஹிலியில் நம்பிக்கை. கோல்மனின் ‘உமோஜா’ என்றால் ஒற்றுமை. ஹார்ன் மெட்டை எடுக்க மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்ளும் சின்ன உருப்படி அது. இன்று பள்ளி மாணவர் குழுக்கள் கூட வாசிக்கின்றன. 2019-இல் அதன் பெரிய வடிவத்தைப் பிலடெல்பியா ஆர்க்கெஸ்ட்ரா அரங்கேற்றியது. ஸ்காட் எழுதி இமானி விண்ட்ஸ் மற்றவர்களோடு சேர்ந்து வாசித்த ஒரு இசைத்தட்டு 2024-இல் கிராமி விருது வாங்கியது. இப்போது கோல்மனும் ஸ்காட்டும் குழுவில் இல்லை. குழு இருக்கிறது, உருப்படிகளும் இருக்கின்றன.

ரைகாவின் 24-ம் கூட மறுபடி வெளிச்சத்துக்கு வந்துவிட்டன. ஹாம்பர்க்கின் ஆல்பர்ட் ஷ்வைட்சர் குவின்டெட்டும் அமெரிக்காவின் வெஸ்ட்வுட் குவின்டெட்டும் அத்தனையையும் பதிவு செய்திருக்கிறார்கள். அலுக்கும் என்று மேலே சொன்னேனே, அவர்களுக்கு அலுக்கவில்லை போலிருக்கிறது.

முதல் தடவை கேட்க நினைப்பவர்களுக்கு என் வரிசை: முதலில் இபேர், ஏழு நிமிடம்தானே. அடுத்து லிகெட்டியின் ஆறு, அந்த ஆறாவது வரும்போது 1956-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். பிறகு நீல்சன், அவசரமில்லாத ஒரு ராத்திரியில். ரைகாவில் ஒன்று போதும் என்றால் 88-ஆம் எண் தொகுதியின் இரண்டாவது. ஷோன்பர்க்கைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், நாற்பது நிமிடமும் தாக்குப்பிடித்தவர்கள் வந்து சொல்லுங்கள்.